ஏசியில் காத்து வரலையா? கேஸ் போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க



பங்குனி பிறந்துவிட்டால் நம்ம வேப்பூர் பக்கம் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கத்திரி நேரத்தில் கூட்ரோட்டில் பத்து நிமிஷம் நிற்க முடியாது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும், விருத்தாசலத்திலிருந்து சேலம் போகும் ரோடும் நம்ம ஊரில் சந்திக்கின்றன. அதனால் வாடகை வண்டிக்கு இங்கே வேலை இருந்துகொண்டே இருக்கும். கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று வருவார்கள். பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அழைத்துப் போகவும் வருவார்கள்.

இதை நம்பித்தான் நம் உறுப்பினர்கள் சிலர் கடன் வாங்கி, பழைய கார் எடுத்து வாடகைக்கு விடுகிறார்கள். பெரும்பாலும் இண்டிகா, சுமோ, ஆம்னி போன்ற வண்டிகள். இண்டிகா 1998 கடைசியில் வந்தது, 2018-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. சுமோவும் ஆம்னியும் 2019-ல் நின்றன. ஆக, இந்த வண்டிகளில் இன்று ரோட்டில் ஓடுவது எல்லாமே வயசான வண்டிதான். மனுஷருக்கு வயசானால் மூச்சு வாங்குகிற மாதிரி, வண்டிக்கு வயசானால் ஏசியில் காற்று குறையும்.

"ஏசி போட்டா சத்தம் மட்டும் வருது, காத்து வரலை" என்று சவாரிக்காரர் சொல்வார். வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். "கேஸ் கம்மியா இருக்கு, போட்டுடலாம்" என்பார்கள். போடுவோம். ரெண்டு வாரத்தில் திரும்ப அதே பிரச்சினை. பணம் போனது போனதுதான்.

வண்டி நம்ம பேரில், கடன் நம்ம பேரில், மாசத் தவணையும் நம்ம பேரில். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் பேசுவது மட்டும் வேறு யாரோ. நமக்கு ஒன்றும் புரியாது என்று நாமே ஒதுங்கி நிற்கிறோம். புரியாத அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிய வேண்டாம். எந்தப் பழுது எந்த இடத்தில் என்று தெரிந்தால் போதும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

காற்று வேறு, குளிர்ச்சி வேறு

முதலில் இந்த ஒன்றை மனசில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். கார் ஏசியில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று குளிர வைப்பது, இன்னொன்று அந்தக் குளிர்ச்சியைக் காற்றாக நம்மிடம் தள்ளுவது.

ஒரு மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்து, அதன் பின்னால் டேபிள் ஃபேன் ஓட விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பானை ஜில்லென்று இருக்கும், ஃபேன் அந்தச் சில்லிப்பை நம் பக்கம் தள்ளும். ஃபேன் நின்றுபோனால் நமக்குக் காற்று வராது. அப்போது பானையில் இன்னும் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் காற்று வந்துவிடுமா? வராது. ஃபேனைத்தான் பார்க்க வேண்டும்.

காரிலும் இதே கதைதான். டேஷ்போர்டுக்குள் கூலிங் காயில் என்று ஒன்று இருக்கிறது. அதுதான் பானை. கேஸ், கம்ப்ரசர், முன்னால் இருக்கும் கண்டன்சர் எல்லாம் அந்தக் காயிலைக் குளிர வைக்க உழைக்கின்றன. புளோயர் என்பதுதான் ஃபேன். அது வெளியிலிருந்தோ வண்டிக்குள்ளிருந்தோ காற்றை இழுத்து, காயில் வழியாகத் தள்ளி, டேஷ்போர்டில் உள்ள துவாரங்கள் வழியாக நமக்கு அனுப்புகிறது.

காற்று நல்லா வருது, ஆனால் ஜில்லுன்னு இல்லை என்றால் அது கேஸ், கம்ப்ரசர், கண்டன்சர் பக்கத்துப் பழுது. காற்றே வரவில்லை என்றால் அது புளோயர், அடைப்பு, வழி மாறுதல் பக்கத்துப் பழுது. காற்று வராத வண்டிக்கு கேஸ் போடுவது, நின்றுபோன ஃபேனுக்காகப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி.

ஐந்து நிமிஷச் சோதனை

இதை நீங்களே செய்யலாம். வண்டியைத் திறந்த வெளியில், நிழலில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விட்டு எதையும் பார்க்கக் கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

1. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஏசி பட்டனை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் 1, 2, 3, 4 என்று ஒவ்வொரு வேகமாக வைத்துப் பாருங்கள். ஒரு நோட்டுப் பேப்பரைக் கீற்றாகக் கிழித்து, காற்று வரும் துவாரத்தின் முன்னால் பிடியுங்கள். எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் இப்படி ஓட விட வேண்டாம், பேட்டரி இறங்கிவிடும்.

ஏசி அணைத்திருக்கும்போதே காற்று குறைவாக வந்தால், கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒரு சோதனை தெரிந்தாலே பாதிப் பணம் மிச்சம்.

2. வெளிக்காற்று, உள்காற்று என்று மாற்றும் பட்டன் அல்லது கம்பி இருக்கும். இரண்டிலும் வைத்துப் பாருங்கள். உள்காற்றில் நன்றாக வந்து, வெளிக்காற்றில் மட்டும் குறைந்தால், வெளிக்காற்று நுழைகிற வாயிலில் அடைப்பு.

3. காற்று முகத்துக்கு, காலுக்கு, கண்ணாடிக்கு என்று திருப்பும் குமிழைத் திருப்புங்கள். திருப்பின இடத்துக்குக் காற்று போகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் "ஏசி சரியில்லை" என்று பொதுவாகச் சொல்வதற்கும், "ஏசி ஆஃப் பண்ணிட்டு ஃபேன் மட்டும் போட்டாலும் காத்து வரலை" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ரெண்டாவது மாதிரி சொன்னால் மெக்கானிக்கும் நேராகப் பழுதான இடத்துக்குப் போவார்.

அறிகுறியைப் பார்த்துப் பழுதைத் தெரிந்துகொள்வது எப்படி?

ஃபேன் எந்த வேகத்திலும் ஓடவில்லை: முதலில் பியூஸ். நம்ம விருத்தாசலம் பீங்கான் தொழிலில் வீட்டு மெயின் போர்டுக்குப் பீங்கான் பியூஸ் கட்டை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கரண்டு அதிகமானால் உள்ளே இருக்கும் கம்பி உருகி வீட்டைக் காப்பாற்றும். காரிலும் அதே வேலைதான், சின்னதாகக் கலர் பிளாஸ்டிக்கில் இருக்கும். அது போயிருந்தால் அதே ஆம்பியர் உள்ளதையே போட வேண்டும். பெரிய பியூஸோ, வெறும் கம்பியோ போட்டால் ஒயர் எரிந்து வண்டியே தீப்பிடிக்கும். பியூஸ் நன்றாக இருந்தால் ரிலே, சுவிட்ச், எர்த் ஒயர், கடைசியாக புளோயர் மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். புது பியூஸ் போட்டதும் திரும்பப் போனால் மோட்டார் இறுகியிருக்கலாம், அல்லது எங்கோ ஒயர் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது, 1, 2, 3-ல் ஓடவில்லை: இது பெரும்பாலும் ரெசிஸ்டர். மோட்டாருக்குப் போகும் கரண்டைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. கடைசி வேகத்தில் கரண்டு அதன் வழியாகப் போகாமல் நேராகப் போய்விடும். அதனால்தான் அந்த வேகம் மட்டும் ஓடுகிறது. இதற்காக மோட்டாரையே மாற்றத் தேவையில்லை. ஆனால் ஒன்று. ரெசிஸ்டர் சூடாகும் பொருள், காற்று பட்டுத்தான் ஆறும். அதனால் அதைக் காற்று வழியிலேயே வைத்திருப்பார்கள். அடைப்பால் காற்று குறைந்தாலோ, மோட்டார் இறுகி அதிகக் கரண்டு இழுத்தாலோ அது எரியும். காரணத்தைப் பார்க்காமல் புதுசு போட்டால் அதுவும் எரியும்.

சத்தம் பலமாக வருகிறது, காற்று வரவில்லை: மோட்டார் ஓடுகிறது, வழியில் அடைப்பு. நம்ம ஊர் வண்டிகளில் நாங்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

கிளம்பும்போது நன்றாக வருகிறது, முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் குறைந்துவிடுகிறது: காயிலில் ஐஸ் கட்டுகிறது. காற்றில் உள்ள ஈரம் காயிலில் பட்டுத் தண்ணீராகி, வண்டிக்கு அடியில் சொட்டும். அது நல்லது. காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் அந்தத் தண்ணீர் ஐஸாகி, காற்று போகும் இடுக்கை எல்லாம் மூடிவிடும். ஏசி பட்டனை மட்டும் அணைத்து, ஃபேனை முழு வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட விடுங்கள். ஐஸ் கரைந்து காற்று திரும்ப வந்தால் பழுது இதுதான். தெர்மோஸ்டாட் அல்லது சென்சார் போயிருக்கலாம், காயிலில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டுவது உண்டு. அதனால் இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் மீட்டர் வைத்து கேஸ் அழுத்தம் பார்ப்பது நியாயம்தான்.

முகத்துக்கு வராமல் காலுக்கோ கண்ணாடிக்கோ போகிறது: உள்ளே காற்றைத் திருப்பும் சின்னக் கதவு இருக்கிறது. பழைய வண்டிகளில் அது கம்பியில் இயங்கும். கம்பி கழன்றாலோ, கிளிப் உடைந்தாலோ கதவு ஒரே இடத்தில் நின்றுவிடும். பெரும்பாலும் சின்ன வேலைதான், பெரிய பில்லுக்கு இடமில்லை.

கால் பக்கம் தண்ணீர் ஒழுகுகிறது, துர்நாற்றம் வருகிறது: காயில் தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாய் அடைத்திருக்கும். அடைப்பை எடுத்தால் போதும்.

வேப்பம்பூவும் ரோட்டுத் தூசியும்

ஊர்ப் பெயரிலேயே வேம்பு இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து வண்டியை வேப்ப மரத்தடியில்தான் நிறுத்துவோம். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ கொட்டும். ஏசி அதிகம் ஓடுவதும் அதே மாதங்களில்தான்.

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில், சல்லடை மாதிரி ஒரு பகுதி இருக்கும். வெளிக்காற்று அங்கேதான் நுழைகிறது. பூவும் சருகும் அதில் சேரும். சின்னதெல்லாம் உள்ளே போகும். புளோயர் அதை இழுத்துக்கொண்டு போய்க் காயிலில் அப்பிவிடும். காயில் ஏற்கெனவே ஈரமாக இருப்பதால், ரோட்டுத் தூசி, வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைப் புழுதி, மண் லாரி போகும்போது பறக்கும் பொடி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். நாளாக ஆகக் கம்பளி மாதிரி கெட்டியாகிவிடும். அப்புறம் எவ்வளவு கேஸ் போட்டாலும் காற்று எப்படி வரும்?

புது வண்டிகளில் இதைத் தடுக்க ஏசி ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே கழற்றலாம். பழைய வண்டிகள் பலவற்றில் இந்த ஃபில்டரே கிடையாது. தூசி நேராகக் காயிலுக்குத்தான் போகும். அதனால் உங்கள் வண்டியில் ஃபில்டர் இருக்கிறதா இல்லையா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால், கடைசியாக எப்போது மாற்றினோம் என்று யோசியுங்கள். வாங்கினதிலிருந்து மாற்றவே இல்லை என்றால் அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

நம் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு சகோதரியின் பழைய காரில் காற்று குறைந்தது. ஒரே வெயில் காலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரெண்டு தடவை கேஸ் போட்டார்கள். போட்ட ரெண்டு நாள் பரவாயில்லை போல இருந்தது, பிறகு பழையபடி ஆனது. ஜிப்மருக்கு மாசாமாசம் சவாரி கொடுத்துவந்த குடும்பம், "பெரியவருக்கு மூச்சுத் திணறுது, வேற வண்டி பார்த்துக்கறோம்" என்று போய்விட்டது. அந்த மாதத் தவணையைக் குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் வேறு ஒரு மெக்கானிக் டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தார். காயில் முழுக்கப் பூவும் தூசியும் அடை மாதிரி அப்பியிருந்தது. சுத்தம் செய்து மாட்டினார். கேஸ் போடவே இல்லை. காற்று வந்துவிட்டது.

கேஸைப் பற்றி நாலு வார்த்தை

கேஸ் என்பது டீசல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடின குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். பழைய வண்டியில் ரப்பர் குழாய், சீல் வழியாகப் பல வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியலாம். ஆனால் ஒரே வருஷத்தில் ரெண்டு முறை போட வேண்டி வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி.

மிகப் பழைய வண்டிகளில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. அது வானத்தில் உள்ள ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும், 1987-ல் உலக நாடுகள் மான்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் போட்டு அந்த வகை கேஸ்களைப் படிப்படியாக நிறுத்தின. அதற்குப் பதிலாக வந்தது ஆர்-134ஏ. இரண்டையும் கலக்கக் கூடாது. பல வண்டிகளில் பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். அளவுக்கு மேல் போட்டாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசருக்கும் கேடு. மலிவாகக் கிடைக்கிறது என்று எரியக்கூடிய கேஸ் எதையும் ஏற்றவே விடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

- ஏசி அணைத்து ஃபேன் மட்டும் போட்டுப் பார்த்தீர்களா? காற்று எப்படி வந்தது?
- ஃபில்டர், வெளிக்காற்று வாயில், காயில் மூன்றையும் பார்த்தீர்களா? எனக்கும் காட்டுங்கள்.
- கேஸ் குறைவு என்றால் மீட்டரில் எவ்வளவு காட்டியது? கசிவு எந்த இடத்தில்?
- காயிலைச் சுத்தம் செய்ய டேஷ்போர்டைக் கழற்ற வேண்டுமா, கழற்றாமலே முடியுமா? கூலி எவ்வளவு, எத்தனை நாள்?
- மாற்றின பழைய சாமானை என்னிடம் கொடுத்துவிடுங்கள். பில்லில் சாமான் தனி, கூலி தனி என்று எழுதுங்கள்.

டேஷ்போர்டைப் பிரிக்கும் வேலை என்றால் கூலி கூடத்தான் வரும். ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதைத் தெரிந்துகொண்டு, சவாரி இல்லாத நாளாகப் பார்த்து வண்டியை விடுங்கள். ரெண்டு இடத்தில் விலை கேளுங்கள். குழுக் கடனில் பழுது பார்ப்பதாக இருந்தால், என்ன பழுது, என்ன செலவு என்று கூட்டத்தில் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு பணத்தை எடுங்கள்.

நாமே செய்யக்கூடியது

- வாரம் ஒரு முறை, பூக்கொட்டும் காலத்தில் தினமும், வைப்பர் பக்கம் உள்ள சல்லடையைக் கையால் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் குப்பை உள்ளேதான் போகும்.
- தூசி ரோட்டில் போகும்போது உள்காற்றில் வைக்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் வெளிக்காற்றில் வைக்கலாம்.
- இறங்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்பே ஏசி பட்டனை அணைத்து ஃபேனை மட்டும் ஓட விட்டால் காயில் காயும். நாற்றமும் வராது, தூசியும் ஒட்டாது.
- ஃபில்டர் உள்ள வண்டியில் மாசம் ஒரு முறை எடுத்துத் தட்டி மாட்டுங்கள். வெயில் காலம் தொடங்கும் முன் புதுசு போட்டுவிடுங்கள்.
- பானெட்டைத் திறந்து பார்க்கும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், பின்னலை முடிந்துகொள்ளுங்கள். பெல்ட்டும் ரேடியேட்டர் ஃபேனும் ஒரு நொடியில் இழுத்துவிடும்.
- கேஸ் குழாயில் மட்டும் கை வைக்காதீர்கள். அழுத்தத்தோடு வெளியேறும் கேஸ் பட்டால் தோலும் கண்ணும் உறைந்து புண்ணாகும். அது தெரிந்தவர் செய்யும் வேலை.

சகோதரிகளே, காரை ஓட்டுவது வீட்டுக்காரராக இருக்கலாம், மகனாக இருக்கலாம், சம்பள டிரைவராக இருக்கலாம். கடனைக் கட்டுவது நாம். "ஏசியை அணைத்தால் காத்து வருதா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த பெண்ணிடம் தேவையில்லாத பில்லை யாரும் சுலபமாக நீட்ட முடியாது. உங்கள் குழுவில் வண்டி வைத்திருப்பவர் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் போய் அந்த வண்டியில் பேப்பர் கீற்றைப் பிடித்துப் பாருங்கள். வேப்ப மரம் பூக்கத் தொடங்கும் முன் செய்துவிட்டால் இன்னும் நல்லது.